ஏற்காடு 'நெட்வொர்க் சிப் பங்கு' வகுப்பு: காலை அமர்வுக்குப் போகலாம், மதியம் கீழே இறங்கிவிடலாம்

சேலத்தில் பங்குச்சந்தைப் பேச்சு நடக்கிற எந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தாலும் அந்த விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். நீல நிறப் பின்னணி, நடுவில் ஒரு சிப், கீழே "ஏஐ காலத்தின் அடுத்த அலை – நெட்வொர்க் சிப் கம்பெனிகள் – ஏற்காட்டில் ஒரு நாள் பயிற்சி" என்று பெரிய எழுத்து. நடத்துகிறவர்களின் பெயரை நான் இங்கே போடவில்லை, விளம்பரம் வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் தேடிப் போக வேண்டியதில்லை. கட்டணம் 6,500 ரூபாய், காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். மதியத்துக்கு மேல் "வருடச் சந்தா" என்று தனியாக ஒன்றை விற்கிறார்கள், அது 24,000. என் தீர்ப்பு: காலை அமர்வு கொடுத்த காசுக்குத் தகும், அந்தச் சந்தாவுக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன்.

நான் எதற்குப் போனேன் என்றால், ஐந்து ரோடு பக்கம் சின்ன ஆபீஸ் வைத்து, கல்லூரி, மருத்துவமனை, ஜவுளிக்கடை, ஜவ்வரிசி ஆலை என்று கேட்பவர்களுக்கெல்லாம் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். ஃபைபர் இழுப்பது, ஸ்பிளைஸ் போடுவது, ராக் கட்டுவது, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற சுவிட்ச் பெட்டிகளை மாட்டுவது. பெட்டிகளை விற்கும் கம்பெனிகளை நன்றாகத் தெரியும், ஆனால் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற சிப்பைச் செய்பவர்கள்தான் நிஜமாகக் காசு பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. அது உண்மையா, உண்மையென்றால் சேலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதில் பங்கு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா, இந்த இரண்டு கேள்வியோடுதான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.

இடம் நல்ல இடம். ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு விடுதியின் கூட்ட அறை, நாற்பது பேர் வரை உட்காரலாம், ஜன்னலுக்கு வெளியே காப்பித் தோட்டம். பயிற்றுநர் பெங்களூரில் சிப் வடிவமைப்பில் வேலை பார்த்தவர், விஷயம் தெரிந்தவர், தமிழிலேயே பேசினார், வராத சொல்லுக்கு ஆங்கிலத்தில் திணறாமல் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பிடித்தது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற மலிவான எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றைக் கழற்றி, உள்ளே இருந்த சிப்பை கேமரா வைத்துத் திரையில் காட்டினார். நண்டு படம். ரியல்டெக். தைவானின் சின்ச்சூ நகரத்தில் 1987-ல் தொடங்கிய கம்பெனி, வீட்டு ரவுட்டரிலும் கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டிலும் அந்த நண்டைப் பார்க்காத டெக்னீஷியன் கிடையாது.

எனக்கு முன் வரிசையில் செவ்வாய்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர், அறுபது வயது இருக்கும், உடனே கேட்டார்: "ஏங்க தம்பி, இந்த நண்டு கம்பெனி பங்கையே வாங்கிப் போட்டா என்ன?" பயிற்றுநர் சிரிக்காமல் பதில் சொன்னார். "அது தைவான் சந்தையில இருக்குங்கய்யா, நம்ம ஆப்ல சுலபமா கிடைக்காது. அதைவிட முக்கியம், இந்தச் சிப்ல போட்டி ஜாஸ்தி, விலை ஏத்த முடியாது." பணம் இருப்பது டேட்டா சென்டரில் என்று அங்கிருந்து நேராக பிராட்காம் என்ற அமெரிக்கச் சிப் கம்பெனிக்குத் தாவினார்.

இந்தப் பகுதியைத்தான் அவர் உருப்படியாக நடத்தினார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டேட்டா சென்டர் சுவிட்ச்சின் நடுவில் ஒரே ஒரு பெரிய சிப் இருக்கும், மற்றதெல்லாம் தகடு, விசிறி, மின்சாரம்தான். அந்தச் சிப்பில் பிராட்காமின் டோமஹாக் வரிசைதான் பல வருடமாக முன்னால் நிற்கிறது. 2014-ல் வந்த முதல் டோமஹாக் நொடிக்கு 3.2 டெராபிட் கடத்தியது (ஒரு டெராபிட் என்றால் ஆயிரம் கிகாபிட்). 2016-ல் 6.4, 2017 கடைசியில் 12.8, 2019 கடைசியில் 25.6, 2022-ல் அறிவித்த டோமஹாக் 5-ல் 51.2, 2025 ஜூனில் வெளியே அனுப்பத் தொடங்கிய டோமஹாக் 6-ல் 102.4. சுமார் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு, பதினோரு வருடத்தில் 32 மடங்கு. 51.2 டெராபிட் என்றால் 800 கிகாபிட் வேகத்தில் 64 போர்ட். நான் மருத்துவமனைக்குப் போட்டுக் கொடுக்கிற 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச்சை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இத்தனை வேகம் எதற்கு என்பதற்கும் தெளிவாகச் சொன்னார். ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஜிபியு என்கிற கணக்கீட்டுச் சிப்புகளை ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டுகிறார்கள், ஒவ்வொன்றும் மற்றவற்றோடு ஓயாமல் பேச வேண்டும், நடுவில் இருக்கும் நெட்வொர்க் தாமதித்தால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ஜிபியு சும்மா காத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஜிபியு விற்கிற என்விடியா 2019-ல் இஸ்ரேலின் மெல்லனாக்ஸுக்கு 690 கோடி டாலர் விலை பேசி 2020 ஏப்ரலில் வாங்கி முடித்தது. மெல்லனாக்ஸின் இன்ஃபினிபேண்ட் என்ற இணைப்பு முறை ஒரு பக்கம், பிராட்காமும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டிருக்கிற ஈதர்நெட் இன்னொரு பக்கம். ஈதர்நெட்டை ஏஐ வேலைக்குத் தோதாக மாற்றத்தான் 2023-ல் அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள், 2025 ஜூனில் அதன் முதல் வரையறையும் வந்துவிட்டது. நல்ல பாடம். நானே குறிப்பு எடுத்தேன்.

அடுத்தது, இந்த சிப் கம்பெனிகள் பெரும்பாலும் சொந்தத் தொழிற்சாலை வைத்துச் சிப் செய்வதில்லை என்ற விஷயம். வடிவமைப்பு மட்டும் இவர்களுடையது, சிப்பைச் செய்து கொடுப்பது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி. வெள்ளி வியாபாரி பட்டென்று பிடித்துக்கொண்டார்: "நாங்க வெள்ளியையும் டிசைனையும் குடுத்துப் பட்டறைல கொலுசு செஞ்சு வாங்கிக்கிற மாதிரி." அதே மாதிரிதான். ஒரு வித்தியாசத்தை மட்டும் பயிற்றுநர் சொல்லாமல் விட்டுவிட்டார். சிவதாபுரத்தில் ஒரு பட்டறைக்காரர் முறுக்கிக்கொண்டால் பனங்காட்டில் இன்னொருவர் கிடைப்பார். இங்கே முன்னணி சிப்புக்கு ஏறக்குறைய ஒரே பட்டறை, அதுவும் சீனா உரிமை கொண்டாடுகிற தீவில், அங்கே ஆப்பிளும் என்விடியாவும் முன்வரிசையில் நின்றுகொண்டிருக்கின்றன.

டீ இடைவேளையில் ஏற்காட்டுக் காப்பி கொடுத்தார்கள், சர்க்கரை கூடுதல், ஆனால் காப்பி காப்பியாக இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேறு ஆள் வந்தார். பயிற்றுநர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார், கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் மைக்கை வாங்கினார். இவர் காட்டிய முதல் ஸ்லைடே "4 பங்கு, 3 வருடம், 4 மடங்கு". பிராட்காம், மார்வெல், கிரெடோ, அஸ்டெரா லேப்ஸ், நாலும் அமெரிக்கச் சந்தையில் இருக்கிற சிப் கம்பெனிகள். ஒவ்வொன்றுக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை. எந்த வரைபடமும் 2020-க்கு முன்னால் போகவில்லை, எல்லாக் கோடும் மேலே போனது. சந்தா கட்டினால் இந்த விலைகள் வாராவாரம் டெலிகிராமில் வருமாம்.

நான் கையைத் தூக்கி, "தம்பி, செபி பதிவு எண் என்ன?" என்று கேட்டேன். பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியிடம் பதிவு செய்த ஆலோசகர் என்றால் எண் ஐஎன்ஏ என்று தொடங்கும், ஆய்வாளர் என்றால் ஐஎன்ஹெச் என்று தொடங்கும், பதிவு செய்தவர்கள் எல்லா விளம்பரத்திலும் அதைப் போட்டாக வேண்டும். "நாங்க எஜுகேஷன் மட்டும்தான் சார் பண்றோம்" என்றார். பாடம் மட்டும் என்றால் வாங்கும் விலையும் விற்கும் விலையும் எதற்கு? 2025 ஜனவரியில் செபி போட்ட சுற்றறிக்கையில், பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் கடந்த மூன்று மாதத்து விலை விவரத்தை வைத்துப் பங்கின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. திரையில் இருந்தது முந்தின வாரத்து விலை. "அது இந்தியப் பங்குக்கு சார், இது அமெரிக்கப் பங்கு" என்று ஒரு பதில் வந்தது. இங்கே இருக்கிற ஆட்களிடம் இங்கே உட்கார்ந்து பணம் வாங்கிக்கொண்டு "4 மடங்கு" என்று ஆசை காட்டுகிறவர் சொல்லத் தகுந்த பதிலா அது, நீங்களே சொல்லுங்கள். பதிவு பெற்றவர்களே உறுதி வருமானம் என்று வாயைத் திறக்கக் கூடாது.

சரி, பதிவை விடுங்கள். அந்த நாலு பங்கைப் பற்றியாவது ஒழுங்காகச் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை.

பிராட்காமை "சுத்தமான நெட்வொர்க் சிப் பங்கு" என்றார். சுத்தம் எல்லாம் கிடையாது. 2016-ல் அவாகோ என்ற கம்பெனி 3,700 கோடி டாலருக்கு பழைய பிராட்காமை வாங்கி அதன் பெயரை எடுத்துக்கொண்டது, அதன் தலைவர் ஹாக் டான் அப்போதிருந்தே கம்பெனி கம்பெனியாக வாங்கிக்கொண்டிருக்கிறார்: 2017-ல் புரோகேட், 2018-ல் சிஏ டெக்னாலஜிஸ், 2019-ல் சைமன்டெக்கின் நிறுவனப் பிரிவு, 2023 நவம்பரில் விஎம்வேர் என்ற சர்வர் மென்பொருள் கம்பெனி. 2024 நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 5,160 கோடி டாலர், அதில் சுமார் 2,150 கோடி மென்பொருள். மீதி சிப் பக்கத்திலும் போனுக்கான வைஃபை சிப், சேமிப்பகச் சிப் எல்லாம் உண்டு. ஏஐ வருமானம் என்று தனியாகச் சொன்ன 1,220 கோடியிலும் பெரும்பகுதி கூகுள் மாதிரி பெரிய வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுக்கிற தனிச் சிப், சுவிட்ச் சிப் அல்ல. நல்ல கம்பெனிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டோமஹாக்கை நினைத்து இதை வாங்குகிறவர் விஎம்வேர் உரிமக் கட்டணத்தையும் சேர்த்தே வாங்குகிறார், அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேலத்தில் விஎம்வேர் வைத்திருக்கிற ஐடி மேலாளர்களிடம் கேளுங்கள், புதுப்பிக்கும் கட்டணத்தைப் பற்றி அவர்கள் பேசுகிற விதமே வேறு.

மார்வெல் விஷயத்தில் இன்னும் மோசம். ஸ்லைடில் லாபம் காட்டியிருந்தார்கள். அது கம்பெனி தானாகச் சில செலவுகளைக் கழித்துவிட்டுச் சொல்கிற "சரிசெய்த" லாபம். முறையான கணக்கில் 2025 பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் வருமானம் சுமார் 577 கோடி டாலர், நிகர நஷ்டம் சுமார் 88 கோடி. ஏன்? 2018-ல் கேவியம், 2019-ல் அவேரா, அக்வான்டியா, 2021-ல் சுமார் 1,000 கோடிக்கு இன்ஃபை, அதே வருடம் 110 கோடிக்கு இன்னோவியம் என்று வாங்கிக்கொண்டே போனதன் செலவு வருடா வருடம் கணக்கில் தேய்கிறது, ஊழியர்களுக்குக் கொடுக்கிற பங்கும் செலவுதான். தேய்மானம் காசாக வெளியே போகவில்லை என்று வாதிடலாம், கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் கம்பெனிகளை வாங்குவதே தொழில் என்று இருக்கிற கம்பெனிக்கு வாங்கிய செலவை ஒதுக்கிவிட்டு லாபம் காட்டுவதை அப்படியே நம்பச் சொல்வது எப்படி? இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியிருந்தால் குறையில்லை. ஒன்றைத்தான் காட்டினார்கள்.

அப்புறம் கிரெடோ. டேட்டா சென்டர் ராக்குகளுக்குள் போடுகிற, இரண்டு முனையிலும் சிப் வைத்த செம்புக் கேபிள் செய்கிற கம்பெனி. கேபிள்காரன் என்ற முறையில் எனக்கே இதன்மேல் ஒரு பாசம் உண்டு, செம்பு முடிந்தது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் செம்பை வைத்தே ஜெயிப்பது சாதாரண விஷயமில்லை. 2022 ஜனவரியில் ஒரு பங்கு 10 டாலர் என்று சந்தைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் அதன் மிகப் பெரிய வாடிக்கையாளர் "இந்த வருடம் அவ்வளவு வேண்டாம்" என்று சொன்ன செய்தி வந்த ஒரே நாளில் பங்கு விலை கிட்டத்தட்டப் பாதியானது. அதற்குப் பிறகு பல மடங்கு ஏறியது என்பதும் உண்மை. ஸ்லைடில் ஏறியது இருந்தது, அந்த ஒரு நாள் இல்லை. 24,000 ரூபாய் சந்தா வாங்குகிறவர் முதலில் காட்ட வேண்டிய நாள் அதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் இந்தத் தொழிலின் சுபாவம் மொத்தமும் அந்த ஒரு நாளில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள், மெட்டா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய வாடிக்கையாளர்கள். அவர்கள் வாங்கும்போது லாரி லாரியாக வாங்குவார்கள், நிறுத்தினால் ஒரேயடியாக நிறுத்துவார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. 2021, 22-ல் சுவிட்ச் ஆர்டர் போட்டால் வர ஒரு வருடம் ஆகும் என்று விநியோகஸ்தர்கள் கையை விரித்த காலம் எங்கள் தொழிலில் யாருக்கும் மறக்காது. அந்தப் பயத்தில் உலகமே தேவைக்கு மேல் ஆர்டர் போட்டது. சரக்கு வந்து சேர்ந்ததும் 2023 நவம்பரில் நெட்வொர்க் பெட்டி விற்கிற பெரிய கம்பெனியான சிஸ்கோ, வாடிக்கையாளர்கள் வாங்கி வைத்ததை மாட்டி முடிக்கிற வேலையில் இருக்கிறார்கள், புது ஆர்டர் குறைகிறது என்று தன் வருட மதிப்பீட்டைக் குறைத்தது. சிஸ்கோவுக்குத் தும்மல் என்றால் சிப் கம்பெனிக்குக் காய்ச்சல். பெட்டிக்காரரிடம் கிடங்கில் சிப் கிடந்தால் அது தீரும்வரை சிப்புக்கு ஆர்டரே போகாது.

2020-க்கு முன்னால் போகாத அந்த வரைபடங்களுக்குப் பதிலாக இந்தத் துறையையே 2000-லிருந்து வரைந்து காட்டியிருந்தால் மதிய அமர்வே நடந்திருக்காது. அன்றைக்கும் இதே பேச்சுதான், இணையம் வளருது, ஃபைபர் போடுறாங்க, உள்ளே இருக்கிற சிப்காரனுக்கு என்றும் யோகம் என்று. அப்ளைடு மைக்ரோ சர்க்யூட்ஸ், விட்டெஸ், பிஎம்சி-சியரா, டிரான்ஸ்விட்ச் என்று ஒரு பட்டியலே இருந்தது. அப்ளைடு மைக்ரோ 2000-ல் எம்எம்சி நெட்வொர்க்ஸ் என்ற நெட்வொர்க் பிராசசர் கம்பெனியைத் தன் பங்குகளைக் கொடுத்தே சுமார் 450 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2001-ல் இணையப் பங்குக் குமிழி உடைந்து சிஸ்கோ மட்டும் 225 கோடி டாலர் சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளியது. அந்த அப்ளைடு மைக்ரோ மொத்தமாக 2017-ல் மாகாம் என்ற சிப் கம்பெனி கைக்குப் போனது, விலை சுமார் 77 கோடி. பதினேழு வருடம் கழித்து, வாங்கிய கம்பெனியும் வாங்கப்பட்ட கம்பெனியும் சேர்ந்து, பழைய ஒரு கொள்முதலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விட்டெஸ் 2015-ல் மைக்ரோசெமிக்கு, பிஎம்சி-சியரா அடுத்த வருடம் அதே மைக்ரோசெமிக்கு, மைக்ரோசெமி 2018-ல் மைக்ரோசிப்புக்கு. டிரான்ஸ்விட்ச் 2013-ல் திவால். கவனியுங்கள், இணையம் வளரும் என்று சொன்னதில் ஒரு தவறும் இல்லை. வளர்ந்தது, சொன்னதைவிட அதிகமாகவே வளர்ந்தது. பங்கு வைத்திருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள்.

பெரிய கை பின்னால் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. இன்டெல் 2019-ல் பேர்ஃபுட் நெட்வொர்க்ஸை வாங்கியது, அதன் டோஃபினோ சிப்பை எங்கள் தொழிலின் படிப்பாளிகள் எல்லாம் கொண்டாடினார்கள், நினைத்தபடி நிரல் எழுதிக்கொள்ளலாம் என்று. 2023 ஜனவரியில் இன்டெல் அந்த வரிசையில் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை என்று மூடிவிட்டது. இன்னொரு பக்கம் வாடிக்கையாளரே போட்டியாளர் ஆகிவிடுகிறார். சிஸ்கோ 2019 டிசம்பரில் சிலிகன் ஒன் என்று சொந்தச் சிப்பை அறிவித்து வெளியாருக்கும் விற்கிறது. அமேசான் 2015-ல் அன்னபூர்ணா லேப்ஸை வாங்கி, தன் சர்வர்களுக்கான நெட்வொர்க் கார்டு சிப்பைத் தானே செய்துகொள்கிறது. ஒளியிழை முனையையே சுவிட்ச் சிப்போடு ஒட்டிவிடுகிற முறையை பிராட்காமும் என்விடியாவும் முன்னே தள்ளுகின்றன, அது பரவினால் இன்றைக்கு சுவிட்ச்சில் தனியாகச் செருகுகிற ஆப்டிக் மாட்யூலுக்குள் சிப் விற்கிறவர்களின் கணக்கு மாறும்.

கூட்டத்தில் ஒரு தம்பி, கருப்பூர் பக்கம் ஐடி வேலை, "நம்ம நாட்டுப் பங்கு எதுவும் இல்லையாண்ணா?" என்று கேட்டார். நெட்வொர்க் சிப்பை மட்டும் செய்கிற பெரிய கம்பெனி நம் சந்தையில் இல்லை. கோட்டுக்காரர் தேஜஸ் நெட்வொர்க்ஸ் பெயரைச் சொன்னார். அது தொலைத்தொடர்புக் கருவி செய்கிற கம்பெனி, இப்போது டாடா குழுமத்தின் கையில் இருக்கிறது. பிஎஸ்என்எல் 4ஜி ஆர்டரால் 2024-25-ல் சுமார் 8,900 கோடி ரூபாய் வருமானம் பார்த்தது. அந்த ஆர்டர் முடிந்த அடுத்த காலாண்டில் வருமானம் 200 கோடி அளவுக்கு இறங்கி நஷ்டம் காட்டியது. அமெரிக்காவில் நாலு வாடிக்கையாளர், இங்கே ஒருவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

வரி, பணம் அனுப்பும் முறை பற்றி மொத்தமே பத்து நிமிடம்தான் பேசினார்கள், அதுவும் அவசர அவசரமாக. சேலத்திலிருந்து வாங்கப் போகிறவருக்கு உண்மையில் இதுதான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் வழியாக ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்புகிற தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும், கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கு என்னவோ அது. ஈவுத்தொகையில் 25 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள், அதை இங்கே கட்டுகிற வரியில் கழித்துக்கொள்ளவும் படிவம் உண்டு. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், அதுவும் நம் ஏப்ரல்-மார்ச் கணக்கில் இல்லை, ஜனவரி-டிசம்பர் கணக்கில். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம், சிறு தொகைக்குச் சமீபத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி விடுகிற விஷயமா இது? இன்னொன்று, யாரும் வாய் திறக்காதது: அமெரிக்கரல்லாத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு வைத்திருந்து இறந்துபோனால் அந்நாட்டு வாரிசு வரி வரும், 40 சதவீதம் வரை. வெள்ளி வியாபாரிக்கு இதை மதியம் நான்தான் சொன்னேன். "இது தெரியாமயா வரச் சொன்னாங்க" என்றார்.

ரூபாய் விழுவதால் தானாகவே லாபம் என்று ஒரு ஸ்லைடு இருந்தது. 2014-ல் டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது, அது சரிதான். ஆனால் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பாகம் விழக்கூடிய பங்குக்கு இந்த ஆறுதல் எம்மாத்திரம்? 2025 ஜனவரி 27, மலிவாகச் செய்ததாகச் சொன்ன சீன ஏஐ மாதிரியான டீப்சீக் பற்றிய செய்தி பரவிய அன்று என்விடியாவும் பிராட்காமும் ஆளுக்கு 17 சதவீதம் விழுந்தன. அதே வருடம் மார்ச்சில் மார்வெல் வருமானம் 27 சதவீதம் கூடியது என்று அறிவித்த மறுநாளே கிட்டத்தட்ட 20 சதவீதம் விழுந்தது. நல்ல செய்திக்கே அந்த வீழ்ச்சி, ஏனென்றால் விலை அதைவிட நல்ல செய்தியை ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தது.

அப்படியானால் இந்தத் துறையே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. சுவிட்ச் சிப் செய்வது சுலபமான காரியமில்லை, நுழைந்தவர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் கைக்கு விலை நிர்ணயிக்கும் பலம் வந்திருக்கிறது. தனித்தனிப் பங்காக வாங்குவதைவிட இவை எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிற குறியீட்டு ஃபண்ட் வழியாக வைத்திருப்பது என்னைப் போன்றவருக்குப் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன், மொத்தச் சேமிப்பில் தொலைந்தாலும் தூக்கம் கெடாத ஒரு பகுதி மட்டும். தனியாகத்தான் வாங்குவேன் என்கிறவர்கள் விலை வரைபடத்தை விட்டுவிட்டு கம்பெனி வருடாந்திர அறிக்கையைத் திறந்து, வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தருகிற வாடிக்கையாளர் எத்தனை பேர், கிடங்கில் சரக்கு விற்பனையைவிட வேகமாகக் கூடுகிறதா, முறையான லாபத்துக்கும் சரிசெய்த லாபத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அறிக்கை எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

மற்ற விஷயங்கள்: நேரம் சரியாகத் தொடங்கினார்கள். கரண்ட் ஒருமுறை போனது, ஜெனரேட்டர் உடனே வந்தது. சாப்பாட்டில் சிக்கன் குழம்பு நன்றாக இருந்தது, சைவத்துக்கு வந்தவர்கள் கூட்டுப் பொரியலோடு சரிக்கட்ட வேண்டியிருந்தது. கொடுத்த புத்தகத்தில் காலைப் பாடம் முழுவதும் இருக்கிறது, அதை வைத்திருக்கிறேன், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும். சந்தா கட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது, அன்றைக்கே ஏழெட்டுப் பேர் ஜிபே பண்ணிவிட்டார்கள். கட்டிவிட்டு இப்போது யோசிக்கிறவர்கள் செபிக்குப் புகார் எழுதிப் பார்க்கலாம்.

காலை அமர்வுக்கு ஐந்துக்கு நாலு, மதியத்துக்குப் பூஜ்யம், ஏனென்றால் அதற்குக் கீழே போட வழியில்லை. அடுத்த வகுப்புக்குப் போகிறவர்கள், காலைக்கு மட்டும் பாதிக் கட்டணம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், நான் விசாரித்தபோது முடியாது என்று சொல்லவில்லை, "பேசிக்கலாம் சார்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை இறங்கும்போது அடிவாரம் வரை வண்டி நகராது, மதியமே கிளம்புங்கள், இல்லாவிட்டால் குப்பனூர் வழியாக வந்துவிடுங்கள்.